இடாப்பில் ஒரு தீவின் வரலாறு

ஆண்டுதோறும் கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் மாணவர் படங்களால் நிறைந்துவிடுகின்றன. எந்தக் கல்லூரியில் எத்தனை பேர் ஒன்பது பாடங்களிலும் 'ஏ' சித்தி பெற்றனர், எந்தக் கல்வி வலயம் முதலாவது, எது கடைசி என்ற கணக்கு ஊரெங்கும் பேசப்படுகின்றது. பட்டியலின் அடியிலே தீவகத்துப் பாடசாலைகளின் பெயர்களைக் காண்பவர்கள், "அங்கே பிள்ளைகள் படிப்பதில்லை" என்று ஒரு வரியில் தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். இன்னுஞ் சிலர் ஆசிரியரைக் குறை கூறுவர். வேறு சிலர் பெற்றோரைப் பழிப்பர். இத் தீர்ப்புக்கள் யாவும் ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன. அப் பாடசாலையிலே இருக்கும் பிள்ளைகள் யார்? இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் எங்கே?

ஒரு பாடசாலையில் இரண்டு வகை ஏடுகள் உண்டு. ஒன்று பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியல். மற்றது சேர்வு இடாப்பு. பட்டியலை எல்லோரும் படிக்கின்றனர். இடாப்பையோ அதிபரின் அலுமாரிக்கு வெளியே எவரும் காண்பதில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் தொழில், சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி, விலகியதற்கான காரணம் எனச் செல்லும் அந்த நிரல்களிலேதான் ஓர் ஊரின் உண்மையான சரித்திரம் எழுதப்பட்டிருக்கின்றது. புங்குடுதீவையும் அதன் சிற்றூர்களுள் ஒன்றாகிய இறுப்பிட்டியையும் முன்வைத்து, இடாப்பின் துணையின்றிப் பட்டியலைப் படித்தல் எத்துணைப் பிழையானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

தோம்பும் பாடசாலையும்

பாடசாலையையும் குடிசனக் கணக்கையும் ஒன்றாய்ப் பிணைத்தது புதுமையன்று. 1658 இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயரிட்டனர். இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர்மட்டும் ஆங்கிலேயர் வாயிலாக இன்றுவரை நிலைத்துவிட்டது.

பெயரிட்டவர்கள் கணக்கும் எழுதினர். நிலத்துக்கும் அதன் வரிக்கும் ஒரு தோம்பு. ஆட்களுக்கும் அவர் செய்யவேண்டிய ஊழியத்துக்கும் ஒரு தோம்பு. இவற்றோடு பாடசாலைத் தோம்பு என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது. கோயிற்பற்றுத் தோறும் அமைந்த பாடசாலையின் உபாத்தியாயரே ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் அத் தோம்பிலே பதிவுசெய்தார். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் இறுக்கவேண்டியிருந்தது. எழுத்தறிவை வளர்க்கும் ஆர்வத்தினால் எழுந்த ஏற்பாடு அன்று இது. யார் எங்கே வாழ்கின்றார், யார் யாருக்கு வாரிசு, யாரிடம் வரி அறவிடலாம் என்பதை அறிந்துகொள்ள ஆட்சியாளர் கண்ட எளிய வழி அது. ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. பாடசாலையை அறியவேண்டின் அவ்வூரின் குடிகளை அறியவேண்டும். இதனை அந்நிய வணிகக் கும்பனியே 17 ஆம் நூற்றாண்டில் உணர்ந்திருந்தது. இன்றைய பெறுபேற்றுப் பட்டியல்கள் அதனை மறந்துவிட்டன.

ஆங்கிலேயர் காலத்திலே, 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார் ஊர்தோறும் திண்ணைப் பாடசாலைகளை ஒத்த சிறு பாடசாலைகளைத் திறந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரி எழுந்தது. அதற்கு எதிர்வினையாக 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1888 இல் காரைநகரிலும், அதையடுத்து யாழ்ப்பாண நகரிலும் இந்துக் கல்லூரிகள் வேரூன்றின. 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிக் கிராமங்களெங்கும் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தலாயிற்று. குடாநாட்டுக்குக் கல்வி ஒரு கைத்தொழிலாகவே அமைந்தது. வானம் பார்த்த வயலும், தோட்டமும், பனையும் தரும் வருவாய் போதாத நாட்டிலே, ஆங்கிலம் படித்து எழுதுவினைஞர் ஆவது ஒரு பயிர்ச்செய்கையாயிற்று. மலாயா வரை சென்று அறுவடை செய்தனர்.

தீவுகளின் நிலையோ வேறு. சுண்ணக்கல் நிலம். தோண்டிய கிணறுகளிற் பெரும்பாலானவற்றில் உவர்நீர். ஆங்கிலக் கல்லூரிகள் கடலுக்கு அப்பால் இருந்தன. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம் அமையுமுன், யாழ்ப்பாணப் பட்டணத்துக்குச் சென்று படிப்பதென்றால் தோணியும் நடையும் விடுதிச் செலவும் ஒருங்கே வேண்டும். எனவே தீவார் வேறொரு வழியைத் தேர்ந்தனர். அது வணிகம். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை என்று தீவாரின் கடைகள் பெருகின. புங்குடுதீவான் என்றாற் கடைக்காரன் என்று பொருள்படும் அளவுக்கு அது வளர்ந்தது. ஐந்தாம், எட்டாம் வகுப்போடு பையன் கடைக்குப் போய்விடுவான். கூட்டல், கழித்தல், கடிதம் எழுதும் பழக்கம் ஆகியவை போதும். அதற்கு மேற்பட்ட கல்வியின் பயன் என்னவென்று அக்காலத் தீவுத் தந்தை கேட்டிருந்தால், அது அறியாமையின் கேள்வி ஆகாது. கணக்குத் தெரிந்தவனின் கேள்வியே அது.

இவ்வாறு இளைய ஆடவர் தெற்கே உழைக்க, முதியோரும் பெண்களும் பிள்ளைகளும் ஊரில் வாழும் குடித்தொகை அமைப்பு தீவகத்திற்குப் புதிதன்று என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். பின்னர் நேர்ந்த பெரும் புலப்பெயர்வுக்கு அது ஒத்திகை போலாயிற்று.

வாங்கிலும் கிணற்றிலும்

தீவுப் பாடசாலையின் சரித்திரம் கூறுவோர் வழக்கமாய் விட்டுவிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. எல்லாப் பிள்ளைகளும் அந்த இடாப்பில் இருக்கவில்லை. இருந்தவர்களும் ஒரே வாங்கில் அமரவில்லை.

அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிலே சாதி வேறுபாடின்றிச் சமஆசனம் வழங்கவேண்டும் என்ற விதி 1929 இல் வந்தது. மனித நேயமுள்ள எவரும் வரவேற்றிருக்கவேண்டிய இவ்விதியை யாழ்ப்பாணத்து உயர்சாதியார் பலர் எதிர்த்தனர். 1930 இல் குடாநாட்டிலே பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியின் பெருமை பேசும் அதே சமுதாயம், தன் வாங்கிலே இன்னொருவன் அமர்வதிலும் பாடசாலை எரிவதே மேல் என்று கருதியது. 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், அதாவது பின்னாளைய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில் இக் கொடுமைக்கெதிராகக் குரல் கொடுத்தது. பின்னர்ச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை கேட்டுப் போராடியது. 1957 இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் ஏட்டிலிருந்து ஊருக்கு வந்து சேர நெடுநாள் எடுத்தது. 1971 இல், அச் சட்டம் நிறைவேறிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்பும், புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்யவேண்டியிருந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் இவ்வூரவரும் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய மு. தளையசிங்கம். காவற்றுறையினரின் தாக்குதலுக்கும் சிறைக்கும் ஆளான அவர், நாற்பது வயதை எட்டுமுன் 1973 இல் மறைந்தார். பாடசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே பாடம் படித்த இரு பிள்ளைகள், மணியடித்தபின் ஒரே கிணற்றில் நீர் பருக முடியாதெனில், அந்தக் கல்வியின் பெறுபேறு எந்தப் பட்டியலில் எழுதப்படும்? ஆசிரியர் ஒருவர் வகுப்பறையை விட்டுக் கிணற்றடிக்குச் சென்ற காரணம் இதுவே.

இலவசக் கல்வி திறந்த வாயில்

தீவகத்தின் கல்விச் சரித்திரத்தை இரண்டாகப் பகுக்கும் ஆண்டு 1945. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1943 இல் வெளியான விசேட குழுவின் அறிக்கையை அடியொற்றி, 1945 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. அதற்கு முன்பே அவர் தொடங்கிய மத்திய கல்லூரித் திட்டமோ கிராமத்துப் பிள்ளைக்கு நேரே நீட்டப்பட்ட கை. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசிற் பரீட்சை வைத்து, தேறிய ஏழைப் பிள்ளையை விடுதியிற் சேர்த்து, உணவும் உறையுளும் தந்து படிப்பிக்கும் திட்டம் அது. தீவுப் பகுதிக்கு அவ்வாறு வாய்த்தது வேலணை மத்திய கல்லூரி. ஊர்காவற்றுறையிலே கத்தோலிக்கரின் புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. காலப்போக்கிற் புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றின் பாடசாலைகளும் மகா வித்தியாலயங்களாய் உயர்ந்தன. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. தாய்மொழி மூலம் உயர்கல்வி வரை செல்லும் பாதையும் திறந்தது.

ஆங்கிலம் அறிந்தவனின் தனியுரிமையாயிருந்த மருத்துவமும் பொறியியலும் கடைக்காரனின் மகனுக்கும் கமக்காரனின் மகளுக்கும் எட்டக்கூடியவை ஆயின. தெற்கே கடை நடத்திய தந்தை அனுப்பிய பணமும், அரசாங்கம் தந்த இலவசக் கல்வியும் ஒன்று சேர்ந்தபோது, தீவகத்தில் ஒரு தலைமுறை எழுந்தது. ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் எழுத்தாளரும் அத் தலைமுறையில் தோன்றினர். தளையசிங்கமும், அவர் தம்பி மு. பொன்னம்பலமும், சற்றுப் பின்வந்த கவிஞர் சு. வில்வரத்தினமும் இம்மண்ணின் விளைச்சலே. பிள்ளைகளின் மூளை ஓர் இரவில் மாறிவிடவில்லை. மாறியது அவர்களுக்கு முன்னிருந்த வாயில். தீவாருக்குப் படிப்பு வராது என்ற வசைக்கு 1945 க்குப் பிந்திய கால் நூற்றாண்டே போதிய மறுமொழி.

ஆனால் வாயில் திறந்தவாறே இருக்கவில்லை. 1956 இன் தனிச்சிங்களச் சட்டம் படித்தவனின் உத்தியோகத்தைக் குறுக்கிற்று. 1958 இன் வன்செயல் தெற்கே கடை வைத்திருந்தவனின் முதலை எரித்தது. தீவகத்தின் இரு கால்களும் இவை. இரண்டிலும் அடி விழுந்தது. அதன்பின் வந்தது தரப்படுத்தல். 1971 ஆம் ஆண்டு அனுமதியிலே, மருத்துவ பீடத்திற் புகச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 400 இற்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவனிடம் 250 கேட்கப்பட்டது. 1974 இல் மாவட்ட அடிப்படையிலான பங்கீடு சேர்ந்தது.

மாவட்டப் பங்கீடு பற்றித் தமிழர் மத்தியில் நிரம்பப் பேசப்பட்டிருக்கின்றது. பேசப்படாத ஒரு பக்கம் தீவாருக்குரியது. பின்தங்கிய பகுதிகளுக்குச் சலுகை என்பது கொள்கையளவில் நியாயமே. கண்டிப் பகுதிக் குக்கிராமத்துப் பிள்ளையும் கொழும்பு றோயல் கல்லூரிப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. அவ்வாறாயின் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளையும் நெடுந்தீவுப் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்தா ஓடுகின்றனர்? மாவட்டம் என்ற அளவுகோல் இருவரையும் யாழ்ப்பாணத்தார் என்றே எழுதிற்று. முன்னேறிய மாவட்டம் என்ற பெயரின் சுமையைத் தீவுப் பிள்ளை சுமந்தது. அந்த முன்னேற்றத்தின் ஆய்கூடமும் நூலகமும் ஆசிரியரும் பண்ணைக் கடலுக்கு அப்பால் இருந்தன. இன்றும் கலைத்துறை நீங்கலான பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என அனுமதி பகுக்கப்படுகின்றது. மாவட்டத்தினும் சிறிய அலகு ஒன்றைக் கணக்கிடும் ஏற்பாடு அங்கு இல்லை.

ஊர் வெறுமையாயிற்று

1977 இலும் 1983 இலும் தெற்கே நிகழ்ந்த வன்செயல்கள் கடைகளை அழித்தன. அழிந்தவன் ஊர் திரும்பினான். ஊரிலோ போர் மூண்டது. 1990 இல் தீவகத்தின் சில பகுதிகள் போர்க்களமாயின. 1991 ஒக்டோபரில் இராணுவம் தீவுகளைக் கைப்பற்ற முன்னேறியபோது புங்குடுதீவு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். வீடும் கிணறும் கோயிலும் பாடசாலையும் ஆளின்றிக் கிடந்தன. ஆளற்ற அவ்வூரைத்தான் வில்வரத்தினம் தம் 'காற்றுவழிக் கிராமம்' என்ற தொகுப்பிலே பாடினார்.

இடம்பெயர்ந்த பாடசாலைகள் பிற பாடசாலைகளின் கட்டடங்களிலே மாலை வேளைகளில் இயங்குவது அக்கால யாழ்ப்பாணத்திற்குப் பழகிய காட்சி. நான்கு ஆண்டுகள் கழிந்து 1995 ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது, தீவார் இரண்டாம் முறை பெயர்ந்தனர். இயன்றவர் கொழும்புக்கும், அங்கிருந்து கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து என்றும் சென்றனர். இயலாதவர் வன்னிக்கும் அகதி முகாம்களுக்கும் சென்றனர். இவ்விரு சொற்களையும் அழுத்திச் சொல்லவேண்டும். இயன்றவர், இயலாதவர். ஊர் வெறுமையானது எல்லோரையும் ஒரே வகையிற் பாதிக்கவில்லை. காணியும் முதலும் உறவும் உள்ளவன் கடல் கடந்தான். நாட்கூலியும் மீன்பிடியும் நம்பியவன் முகாமில் இருந்தான். பின்னர் ஊர் திரும்பலாம் என்ற நிலை வந்தபோது பெரும்பாலும் திரும்பியவர்கள் இவ்விரண்டாம் வகையினரே.

எத்தனை பேர் போயினர் என்று கணக்கெடுக்கவும் எவருமில்லை. 1981 இன் குடிசன மதிப்பீட்டின்பின், 1991 இல் நடந்திருக்கவேண்டிய மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் நடந்தது யாழ்ப்பாண மாவட்டத்தில் நிறைவுபெறவில்லை. 2012 வரை, முப்பத்தொரு ஆண்டுகள், தன் குடிகள் எத்தனை பேர் என்று அரசாங்கம் முறையாக எண்ணிப்பார்க்காத மாவட்டம் இது. 1981 இல் இன்றைய எல்லைக்குட்பட்ட யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கு மேல். 2012 இல் அது 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்குச் சற்று மேல். முப்பது ஆண்டுகளில் வளர்ந்திருக்கவேண்டிய தொகை ஒன்றரை இலட்சத்தாற் குறைந்திருந்தது. தீவகத்தின் இழப்போ மாவட்டத்தின் சராசரியினும் பன்மடங்கு ஆழமானது என்பதற்குக் கூரை வீழ்ந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் வழிநெடுகச் சாட்சி.

அரசாங்கத்தின் கணக்கேடு மௌனமாயிருந்த அக்காலத்திலே கணக்கு வைத்தது பாடசாலையின் இடாப்பு ஒன்றே. விலகிய திகதி, விலகியதற்கான காரணம் ஆகிய இரு நிரல்களும் அவ்வாண்டுகளில் நிரம்பியதுபோல் என்றுமே நிரம்பியதில்லை. ஒல்லாந்தன் வரி வாங்குவதற்காகத் தோம்பு எழுதுவித்தான். நம் ஆசிரியர்களோ அறியாமலே ஒரு மக்கட்கூட்டம் சிதறிய வரலாற்றை எழுதினர்.

சிறு தொகையின் பெரு மயக்கம்

இப் பின்னணியோடு இன்றைய பெறுபேற்றைப் படித்துப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணின் மயக்கம். இருநூறு பேர் பரீட்சைக்குத் தோற்றும் நகரக் கல்லூரியில் ஒருவன் சித்தியெய்தத் தவறினால் சித்தி வீதம் அரைப் புள்ளி குறையும். எட்டுப் பேர் தோற்றும் தீவுப் பாடசாலையில் ஒருத்தி தவறினால் பன்னிரண்டரைப் புள்ளி குறையும். அவ்வாண்டு அவள் தாய் நோயுற்றிருந்தாள் என்பதே அப் பாடசாலையின் "வீழ்ச்சி"க்கு முழுக் காரணமாயிருக்கலாம். அடுத்த ஆண்டு எட்டுப் பேரும் தேறினால் அதே பாடசாலை வியத்தகு "வளர்ச்சி" கண்டதாகப் பாராட்டப்படும். வீழ்ச்சியும் பொய், வளர்ச்சியும் பொய். சிறு தொகையை நூற்று வீதத்தால் அளப்பது, பொன்னை நெல்லளக்கும் மரக்காலால் அளப்பதை ஒக்கும்.

இரண்டாவது, வடிகட்டல். கன்னங்கராவின் காலத்திலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தீவுப் பிள்ளையைத் தீவகத்துக் கல்லூரியின் விடுதிக்கு அழைத்துவந்தது. இன்று அதே பரீட்சை, தேறிய பிள்ளையை யாழ்ப்பாண நகரக் கல்லூரிக்கு அழைத்துச் செல்கின்றது. பத்து வயதிலேயே வகுப்பின் முதல் மூவர் போய்விடுகின்றனர். வாடகை கொடுத்து நகரில் இருக்க இயன்ற குடும்பங்கள் பரீட்சையின்றியும் போய்விடுகின்றன. எஞ்சியவர்களைக் கொண்டு ஆறு ஆண்டுகளின் பின் பரீட்சை நடத்தி, "உங்கள் பெறுபேறு ஏன் குறைவு?" என்று கேட்பது என்ன நியாயம்? பாலின் ஏட்டை எடுத்தவனே மோரைப் பழிப்பதா? அப் பிள்ளை நகரக் கல்லூரியின் பெயரிற் பெறும் சித்தி, தீவின் ஆரம்ப ஆசிரியரின் உழைப்பில் முளைத்தது. எந்தப் பட்டியலும் அதனைச் சொல்வதில்லை.

மூன்றாவது, ஆசிரியர். மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியர் தொகை கணிக்கப்படுகின்றது. பிள்ளை குறையக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி ஆசிரியர் கிடைப்பது அரிதாகின்றது. ஆசிரியர் இல்லையென்று பெற்றோர் பிள்ளையை விலக்குகின்றனர். பிள்ளை விலகியதால் ஆசிரியர் மேலும் குறைகின்றனர். இது தானே தன்னை வளர்க்கும் தேய்வு. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்ற வகைப்படுத்தல்கள் உண்டு. ஆனால் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. நகரிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் ஆசிரியரின் நாளிற் பாதி வீதியிலும் கடலிலும் கழிகின்றது. ஆறாம் பாடவேளையில் அவர் மனம் கடைசிப் பேருந்தை நினைப்பதைக் குற்றமென்று எப்படிக் கூறுவது? நகரத்துப் பிள்ளைக்கு மாலையிலே தனியார் கல்வி நிலையம் இரண்டாம் பாடசாலையாய் இருக்கின்றது. இறுப்பிட்டிப் பிள்ளைக்கு முதற் பாடசாலையே முழுமையாக இல்லை.

நான்காவது, வழி. 2015 மே மாதத்திலே புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட உயர்தர மாணவி ஒருத்தி வழியிற் கடத்தப்பட்டுக் கொடூரமாய்க் கொல்லப்பட்டாள். வடபகுதியெங்கும் மக்கள் கொதித்தெழுந்தனர். 2017 செப்ரெம்பரில் மூவர் அடங்கிய விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றவாளிகளைத் தண்டித்தது நீதிமன்றத்தின் பணி. சமுதாயம் சிந்திக்கவேண்டியது ஒன்று எஞ்சி நிற்கின்றது. இரு மருங்கும் வீடுகளும், திண்ணையில் இருக்கும் ஆச்சியும், வேலிக்கு மேலால் "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்கும் குரலும் இருந்த ஒழுங்கை, ஆளற்ற வளவுகளுக்கிடையே செல்லும் வெறும் பாதையாகிவிட்டது. சனத்தொகைக் குறைவு என்பது புள்ளிவிபரத் திணைக்களத்தின் சொல் மட்டுமன்று. பள்ளி செல்லும் பெண் பிள்ளைக்கு அது பாதுகாப்பின் இழப்பு. அக் கொடுமையின்பின் தீவுத் தாய் ஒருத்தி தன் மகளைப் படிப்பிக்க நகருக்குப் பெயர்ந்தால், அவளை ஊர்ப்பற்று இல்லாதவள் என்று எவர் சொல்லத் துணிவார்?

குடும்பமா, பாடசாலையா?

1966 இல் ஐக்கிய அமெரிக்காவிலே ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் ஏறக்குறைய 4,000 பாடசாலைகளில் 6 இலட்சம் மாணவரை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். மாணவரின் அடைவைத் தீர்மானிப்பதிற் பாடசாலையின் கட்டடத்தையும் செலவையும்விடக் குடும்பத்தின் நிலையும் உடன் படிக்கும் மாணவரின் பின்னணியும் வலிமை மிக்கவை என்பது அதன் முடிவு. இம்முடிவை எடுத்துக்கொண்டு, "அப்படியாயிற் பாடசாலைக்குச் செலவிடுவது வீண்" என்று வாதிப்போரும் உளர். நம்மவரிடையே இதுவே, "அதுகள் படிக்காத சனம்" என்ற வடிவில் ஒலிக்கின்றது.

தீவகத்தின் வரலாறு இரண்டாம் வாதத்தைப் பொய்ப்பிக்கின்றது. குடும்பத்தின் நிலை முக்கியம் என்பது மெய். ஆயினும் 1945 க்கு முன்னும் பின்னும் அதே குடும்பங்கள்தான் அதே குடிசைகளில் வாழ்ந்தன. விடுதியும் உணவும் கட்டணமற்ற வகுப்பும் கிடைத்தவுடனே அவற்றின் பிள்ளைகள் எழுந்தனர். வறுமை பிள்ளையைப் பின்னிழுக்கும் கயிறு. அக் கயிற்றை அறுக்கும் கத்தி பொதுப் பாடசாலையிடம் இருந்தது, இருக்கின்றது. 1980 முதல் இலவசப் பாடநூலும் 1993 முதல் இலவசச் சீருடையும் அவ்வழியே வந்த பேறுகள்.

ஜப்பானின் ஓக்கித் தீவுக்கூட்டத்திலே ஆமா என்றொரு சிற்றூர் உண்டு. இளைஞர் பெருநகர்களுக்குப் பெயர, அவ்வூரின் ஒரே உயர்நிலைப் பள்ளியின் மாணவர் தொகை 2008 ஆம் ஆண்டளவில் 90 க்கும் கீழே வீழ்ந்து பள்ளி மூடப்படும் நிலை வந்தது. பள்ளி போனால் குடும்பங்களும் போய்விடும், ஊரே முடிந்துவிடும் என்று உணர்ந்த அயலூராட்சிகள் ஒன்று கூடின. பொதுச் செலவிலே மாலைக் கல்வி நிலையம் அமைத்தன. தீவின் தொழிலையும் இடர்ப்பாட்டையுமே பாடமாக்கின. வெளியூர்ப் பிள்ளைகளையும் வரவழைத்து விடுதியிற் சேர்த்தன. மாணவர் தொகை மீண்டும் உயர்ந்தது. செல்வ நாட்டின் கதைதானே என்று தள்ளிவிட வேண்டியதில்லை. விடுதி, பொதுச் செலவில் மாலை வகுப்பு, ஊரோடு ஒட்டிய பாடம் ஆகிய மூன்றும் நம் வேலணை மத்திய கல்லூரித் திட்டத்திற்கு அயலானவை அல்ல.

செய்யத்தக்கவை

கடல் கடந்த தீவார் தம் ஊர்ப் பாடசாலையை மறக்கவில்லை என்பது பெருமைக்குரியது. பழைய மாணவர் சங்கங்கள் அயல்நாடுகளிலிருந்து பணம் திரட்டி அனுப்புகின்றன. ஆனால் அப் பணத்திற் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் கட்டடமாகவும் நுழைவாயிலாகவும் கல்வெட்டாகவுமே எழுகின்றது. முன்னூறு பிள்ளைகளுக்குக் கட்டிய மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கின்றனர். சுவரைக் கட்டுவதிலும் ஆசிரியர் தங்கும் விடுதியைக் கட்டுதல் மேல். நுழைவாயிலிலும் நெடுந்தூரப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஒரு வாகனம் மேல். உயிரோடிருக்கும் மாலை வகுப்பு ஒன்று, பெயர் பொறித்த பளிங்குக் கல்லினும் நெடுங்காலம் கொடையாளியின் பெயரைச் சொல்லும்.

கல்வித் திணைக்களமும் செய்யவேண்டியவை உள. பரீட்சைக்குத் தோற்றியவரில் எத்தனை வீதம் தேறினர் என்று மட்டும் கேளாது, ஆறாம் வகுப்பிற் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை வரை வந்தனர், வராதோர் எங்கே சென்றனர் என்றும் கேட்கவேண்டும். சிறு பாடசாலைகளின் பெறுபேற்றை ஐந்தாண்டுத் தொகுப்பாகவே நோக்கவேண்டும். மாணவர் தலையெண்ணி ஆசிரியரைத் தராது பாடத்தை எண்ணித் தரவேண்டும். விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும் ஆய்கூடம் ஒன்றையும் அயற்பாடசாலைகள் பகிர்ந்துகொள்ள வழி செய்யலாம். படகும் பேருந்தும் பாடசாலை மணிக்கு இசைய ஓடவேண்டும். சிறு பாடசாலைகளை மூடிவிடுவதே சிக்கனம் என்போர், அதனால் மூடப்படுவது பாடசாலை மட்டுமா, ஊருமா என்று எண்ணவேண்டும்.

பாடசாலை மூடப்பட்டால் முதலிற் பாதிக்கப்படுவோர் யார்? இயன்றவரின் பிள்ளைகள் முன்னரே போய்விட்டனர். இருப்பவர்கள் கூலியாளின் பிள்ளைகள், மீனவரின் பிள்ளைகள், போரிலே தந்தையை இழந்த பிள்ளைகளின் பிள்ளைகள். ஒருகாலத்தில் வாங்கிலே இடம் மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் அடக்கம். தங்களுக்கு இடம் கிடைத்த காலத்திலே பாடசாலையே தேய்ந்துபோவது அவர்களுக்கு நேரும் இரண்டாம் அநீதி. ஒன்று உயர்சாதிச் செருக்கினால் நேர்ந்தது. மற்றது நம் அலட்சியத்தினால் நேர்கின்றது. விளைவிலே இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

அடுத்த முறை பெறுபேற்றுப் பட்டியல் வெளியாகும்போது, அதன் அடியில் இருக்கும் தீவுப் பாடசாலையின் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்தபின், அப் பாடசாலையின் சேர்வு இடாப்பையும் திறந்து காட்டுமாறு கேட்போம். 1991 இன் பக்கத்தைப் புரட்டுவோம். 2015 இன் பக்கத்தையும் புரட்டுவோம். அத்தனைக்குப் பின்னும் இவ்வாண்டின் பக்கத்திலே புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் சில இருக்கும். அப் பெயர்களுக்கு எதிரே விலகிய திகதி இன்னும் எழுதப்படவில்லை. அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்க நாம் என்ன செய்யப்போகின்றோம் என்பதே கேள்வி.